உப்புக்காற்றில் நிற்கும் காருக்கு: பிரேக் துருவை எடுப்பதும் வராமல் தடுப்பதும்

விடிய விடிய மழை பெய்து ஓய்ந்த காலையில் காரை எடுக்கப் போகிறீர்கள். சக்கரத்தின் இடைவெளி வழியே எட்டிப் பார்த்தால், நேற்றுவரை வெள்ளித் தட்டு மாதிரி இருந்த டிஸ்க் முழுக்கச் செங்காவி நிறம். புதிதாகக் கார் வாங்கியவர்கள் பலரும் இதைப் பார்த்துத்தான் முதலில் பதறுகிறார்கள். பதற வேண்டாம். பிரேக் டிஸ்க், சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்புத் தட்டு. அதை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் கட்டைக்குப் பேட் என்று பெயர். பேட் உரசும் முகத்தில் பெயின்ட் பூசி வைக்க முடியாது. ஒரு ராத்திரி ஈரம் போதும், மேல்துரு படிந்துவிடும். தெருமுனை தாண்டுவதற்குள் நாலு முறை பிரேக் மிதித்தால் பேட்டே அதைத் தேய்த்து எடுத்துவிடும். முதல் இரண்டு மிதிக்குக் கரகரவென்று சத்தம் வரும், பிறகு அடங்கிவிடும்.

பேட்டை அழுத்தும் கவ்வியான காலிபர் வழுக்கி நகரும் கம்பியிலும் (இதைத்தான் ‘பின்’ என்பார்கள்), பேட்டின் இரு முனைக் காதுகள் உட்காரும் பள்ளத்திலும், பின்சக்கரத்தின் மூடிய பிரேக்கான டிரம்முக்குள்ளும், ஹேண்ட் பிரேக் கேபிளின் உறைக்குள்ளும் ஒரு துரு பிடிக்கிறதே, பயப்பட வேண்டியது அதற்குத்தான். அது கண்ணில் படாது. படும்போது செலவு பெரிதாகியிருக்கும்.

எனக்கு அது பட்டுத் தெரிந்தது. நான் வடசென்னையில் திருவொற்றியூரில், கடலிலிருந்து மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். இங்கே குடிவந்த முதல் வருடம், ஐப்பசி மழையில் காரைக் கழுவி, ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து வந்து எடுத்தால் வண்டி அசையவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினேன். பின்னால் படாரென்று ஒரு சத்தம், வண்டி நகர்ந்தது. நகர்ந்துவிட்டதே என்று அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். தண்டையார்பேட்டையில் மெக்கானிக் அண்ணன் டிரம்மைக் கழற்றிக் காட்டியபோது, டிரம்முக்குள் விரிந்து உரசும் வளைந்த தகடான ஷூவில் ஒட்டியிருந்த லைனிங் (உரசும் பட்டை) பாதி பெயர்ந்து டிரம்மின் உள்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. “தம்பி, ஓட்ற வண்டிய உப்புக்காத்து ஒண்ணும் பண்ணாது. நிக்கிற வண்டியத்தான் துன்னும்” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தும் செய்தும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு சீக்கிரம்?

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் மழையே இல்லாத நாளிலும் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் காயாமல் இருக்கும். ராயபுரம், காசிமேடு தொடங்கி எண்ணூர் வரை கடலை ஒட்டியே இருக்கிறோம். காற்று பலமாக அடிக்கும் நாளில் எண்ணூர் விரைவுச்சாலையில் போய்வந்தால் முன்கண்ணாடியில் வெள்ளைப் பூப்போல் உப்புப் படிந்திருக்கும். கண்ணாடியில் படிவது பிரேக்கிலும் படியும். மீன் ஏற்றிப்போகும் வண்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் சாலையில் தேங்க, அதைச் சக்கரம் அள்ளி உள்ளே அடிக்கும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: நம் தெருக்களில் பல வீட்டு போர் தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாத அந்தத் தண்ணீரில்தான் வாரா வாரம் காரைக் கழுவுகிறோம். உப்பைக் கழுவுகிறோம் என்று நினைத்து உப்பை ஊற்றுகிறோம்.

போதாததற்கு, கார் இப்போது முன்பைவிட அதிகம் நிற்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டதும், என்னைப் போன்ற பலர் வேலைக்கு ரயிலில் போகத் தொடங்கிவிட்டோம். ஊருக்கு நல்லது. வாசலில் நிற்கும் காரின் பிரேக்குக்குத்தான் அது ஆகவில்லை.

துருவின் ஒரு குணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் புரிந்துவிடும். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும், உப்பி வளரும். பிரேக்கில் பேட்டும் பின்னும் நகர்வதற்கு விட்டிருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த இடைவெளியைத் துரு அடைத்ததும், வழுக்கிப் போய்வர வேண்டிய பாகம் இறுகிவிடும். மெக்கானிக் ‘ஜாம் ஆயிடுச்சு’ என்பது இதைத்தான்.

எது எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது

கழற்றுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், லாரி நடமாட்டமில்லாத சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர், கூடுமானவரை பிரேக் மிதிக்காமல் ஓட்டுங்கள். கடைசியில் வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். இடமும் வலமும் ஒரே மாதிரி இருந்தால் சரி. ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் அங்கே பேட்டோ ஷூவோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கருகிய நாற்றம், குறைந்துபோன மைலேஜ், நியூட்ரலில் விட்டாலும் சீக்கிரம் நின்றுவிடும் வண்டி, எல்லாம் இதே கதையைத்தான் சொல்லும்.

பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தால், இழுக்காத பக்கத்துக் காலிபர் இறுகி வேலை செய்யாமல் இருக்க வாய்ப்பு அதிகம். காலடியில் பெடல் துடித்தால் டிஸ்க் சமமாக இல்லை. நீண்ட நாள் நின்ற வண்டியில், பேட் ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் ஒரு துருத் தழும்பு விழுந்து அப்படி ஆவதுண்டு. பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று இறங்கினாலோ, மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லத் தரைக்குப் போனாலோ, அன்றைக்கு அந்தக் காரை ஓட்ட வேண்டாம். அங்கே காற்றோ ஒழுகலோ இருக்கிறது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொண்டு வண்டி நகராவிட்டால்

நான் செய்ததைச் செய்யாதீர்கள். லீவரை முழுக்க இறக்கி, இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். பிறகு ரிவர்ஸில் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டு, வண்டி ஒரு இழுப்பு இழுத்ததும் மிதித்துவிடுங்கள். அடுத்து முதல் கியரில் அதே மாதிரி. முன்னும் பின்னுமாக நாலைந்து முறை இப்படி ஆட்டினால் லேசாக ஒட்டியது ‘டக்’ என்று விட்டுவிடும். ஆக்சிலேட்டரில் பலம் காட்டக் கூடாது. லைனிங் பெயர்வது அந்த நேரத்தில்தான்.

அப்படியும் விடவில்லையென்றால், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் செங்கல்லோ கட்டையோ முட்டுக்கொடுத்து, கியரில் போட்டு, ஒட்டிய பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திக் கழற்றுங்கள். லீவர் இறங்கியே இருக்கட்டும். டிரம்மின் வெளிவிளிம்பில் மரக்கட்டையை வைத்து, சுத்தியலால் கட்டையின் மேல் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். வார்ப்பிரும்பை நேராகச் சுத்தியலால் அடித்தால் விரிசல் விடும். விட்ட பிறகும் இரண்டு நாளில் டிரம்மைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஒரு முறை ஒட்டியது மறுமுறையும் ஒட்டும். லீவரை இறக்கிய பிறகும் கேபிள் தளராமல் விறைப்பாக இருந்தால் துரு கேபிள் உறைக்குள் போய்விட்டது. அதைச் சரிசெய்ய முயல்வதில் பலனில்லை, கேபிளை மாற்றுவதுதான் வழி.

முன்சக்கர டிஸ்கைப் பிரித்துச் சுத்தம் செய்வது

இதுதான் வீட்டிலேயே செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை. முதல் முறை ஒரு சக்கரத்துக்கே இரண்டு மணி நேரம் ஆகும். அவசரமில்லாத நாளாகப் பாருங்கள். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

தேவையானவை: ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டு, வீல் ஸ்பானர், 12, 14, 17 ரிங் ஸ்பானர்கள், வயர் பிரஷ், உப்புத்தாள், துரு இளக்கும் ஸ்பிரே, பிரேக் கிளீனர் ஸ்பிரே, சி கிளாம்ப், கொஞ்சம் கட்டுக்கம்பி, கையுறை, முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. இதோடு, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் ஒரு சின்ன டியூப். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயில் செய்தது. பிரேக்கின் ரப்பரை ஊதிப் பெருக்க வைத்துவிடும். ரப்பர் ஊதினால் பின் இறுகும். துருவை எடுத்துவிட்டு அதே தொல்லையை வேறு வழியில் கொண்டுவந்ததாகிவிடும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். முதல் கியர், ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்குக் கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று இளக்கிவிட்டு, அதன்பிறகு தூக்குங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்குத்தான். அதை மட்டும் நம்பி ஒருபோதும் வேலை பார்க்காதீர்கள். ஸ்டாண்டை வைத்து, கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். எது நழுவினாலும் உங்கள் மேல் இறங்காது.

கைவைக்கும் முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். எந்தக் கிளிப் எப்படி இருந்தது என்று குழம்பினால், பிரிக்காத பக்கம் பார்த்துக்கொள்ள இருக்கும்.

பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் விரட்டாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குப் பெரிய கெடுதல். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து எடுங்கள். டீசலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், பேட் வழுக்கும். சத்தம் வருகிறதென்று டிஸ்கின் மேல் எண்ணெய் விட்ட ஒருவரை என் கண்ணால் பார்த்து ஓடிப்போய்த் தடுத்திருக்கிறேன். அது கொலைக்குச் சமம். துரு இளக்கும் ஸ்பிரேயும் எண்ணெய்தான். இறுகிய போல்ட்டின் மரையில் மட்டும் அடிக்க வேண்டும், டிஸ்கிலும் பேட்டிலும் ஒரு துளி படக் கூடாது.

இனி காலிபர். பின்பக்கம் இரண்டு போல்ட்டுகள் அதைப் பிடித்திருக்கும். துருவேறியிருந்தால் ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். போல்ட்டைத் திருப்பும்போது உள்ளிருக்கும் பின்னும் சேர்ந்து சுற்றினால் பின்னை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். காலிபர் கழன்றதும் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது.

பேட் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோயைச் சொல்லும் இடம் இதுதான். பெரும்பாலான சின்னக் கார்களில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. அது உள்பேட்டைத் தள்ளும். பிறகு காலிபர் முழுவதும் பின்கள் மேல் வழுக்கி வந்து வெளிப்பேட்டை இழுத்து அழுத்தும். பின்னில் துரு பிடித்தால் காலிபர் வழுக்காது, எல்லா வேலையும் உள்பேட்டின் தலையில் விழும். ஆகவே உள்பேட் மட்டும் தேய்ந்து வெளிப்பேட் கனமாக இருந்தால் பின்னைச் சந்தேகப்படுங்கள். வெளியிலிருந்து சக்கரத்தின் ஓட்டை வழியே பார்த்து ‘பேட் நல்லா இருக்கு’ என்று யாராவது சொன்னால் அதை நம்பக் கூடாததும் இதனால்தான். அவர் பார்த்தது வெளிப்பேட்டை. லைனிங் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். பேட்டின் இரும்புத் தகட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவே துரு உப்பி விரிசல் காட்டினால், எவ்வளவு கனம் மீதியிருந்தாலும் மாற்றுங்கள். அது கழன்று விழக்கூடிய பேட். மாற்றினால் இடம் வலம் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான்.

பேட்டின் இரண்டு காதுகளும், காலிபரைத் தாங்கும் சட்டமான பிராக்கெட்டின் பள்ளத்தில் உட்காரும். அங்கே ஒரு மெல்லிய ஸ்டீல் கிளிப் இருக்கும். அதை எடுத்துவிட்டு அடியில் பாருங்கள். கடலோர வண்டியென்றால் அங்கே துருச் சதை கட்டியிருக்கும், அது கிளிப்பை உயர்த்திப் பேட்டை நெருக்கும். வயர் பிரஷ்ஷாலும் சின்ன அரத்தாலும் துரு போய் இரும்பு தெரியும்வரை தேய்த்து எடுங்கள். இரும்பையே ராவிவிடக் கூடாது. என் அனுபவத்தில் பாதி பிரேக் இறுக்கம் இந்த ஒரு இடத்தில்தான், இதைத்தான் அவசர சர்வீஸில் யாரும் தொடுவதில்லை. சுத்தம் செய்து கிளிப்பைத் திரும்ப மாட்டினால் பேட் விரல் தள்ளினாலே வழுக்கிப் போய்வர வேண்டும். சுத்தியல் கேட்கிறது என்றால் இன்னும் துரு மீதி இருக்கிறது.

அடுத்து ஸ்லைட் பின்கள். ரப்பர் உறையோடு பிராக்கெட்டுக்குள் சொருகியிருக்கும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றுபோல் இருக்காது. சில வண்டிகளில் ஒன்றின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும். மாற்றிப் போட்டுவிடாதீர்கள். துடைத்துப் பார்த்து, மேலாகப் பிடித்த துருவென்றால் நைஸ் உப்புத்தாளில் தேய்த்தால் போகும். குழி விழுந்திருந்தால் புதுப் பின் வாங்குங்கள். சின்ன பாகம், விலையும் சின்னது. பின் போகும் துளைக்குள்ளும் துணியைச் சுற்றி விட்டுப் பழைய கிரீஸையும் துருவையும் எடுங்கள். சிலிகான் கிரீஸை மெல்லிசாகப் பூசிச் செருகுங்கள். அள்ளி அப்பினால் உள்ளே காற்று அடைபட்டுப் பின் வெளியே தள்ளும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போகும் வாசல் அதுதான்.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பரையும் பாருங்கள். நன்றாக இருந்தால், பழைய பேட்டை பிஸ்டன் மேல் வைத்து சி கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். தள்ளும்போது பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும்; வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெயின்டைத் தின்றுவிடும். பிஸ்டன் நகர மறுத்தால், அல்லது ரப்பருக்குள்ளிருந்து துருத்தண்ணீரோ ஆயிலோ கசிந்தால், அதோடு நிறுத்துங்கள். காலிபர் கிட் மாற்றுவதும் பிஸ்டன் மாற்றுவதும் மெக்கானிக் வேலை. பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டிகள் பலவற்றில் பின்பக்கப் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு அழுத்தினால் உடையும்.

டிஸ்கின் வெளிவிளிம்பில் துரு வரம்பு கட்டியிருந்தால் அது பேட்டில் உரசிச் சத்தம் போடும். அரத்தால் எடுத்துவிடலாம். பேட் ஓடும் முகத்தில் நகத்துக்குத் தட்டுப்படுகிற குழிகள் இருந்தால் உப்புத்தாள் போதாது. லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம். ஆனால் குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று டிஸ்கிலேயே பதித்திருப்பார்கள், அதற்குக் கீழே போனால் புது டிஸ்க்தான். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. டிஸ்கைக் கழற்றினால், அது உட்காரும் ஹப்பின் முகத்திலிருக்கும் துருவையும் வயர் பிரஷ்ஷால் எடுத்துவிட்டே திரும்ப மாட்டுங்கள். அங்கே ஒரு பொருக்கு இருந்தால்கூட டிஸ்க் கோணலாக உட்கார்ந்து பெடல் துடிக்கும்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுங்கள். காலிபர் போல்ட்டுகளுக்கு எவ்வளவு முறுக்கு என்று வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், பூட்டிய வண்டியை ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டி இறுக்கிக்கொள்ளுங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இப்போது மிக முக்கியமானது. வண்டியைக் கிளப்பும் முன் பிரேக் பெடலைப் பல முறை மிதியுங்கள். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறீர்கள். முதல் மிதிக்குப் பெடல் நேராகத் தரைக்குப் போகும், பிரேக் பிடிக்காது. கெட்டியாகும்வரை மிதித்து, ஆயில் மட்டத்தைப் பார்த்து, வாசலிலேயே நடை வேகத்தில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் தெருவுக்குப் போக வேண்டும். புதுப் பேட் போட்டிருந்தால் முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமாக, திடீர் பிரேக் போடாமல் ஓட்டிப் படிய விடுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

பின்சக்கர டிரம்

நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் பின்னால் டிரம்தான். மூடிய பாத்திரம் மாதிரி இருப்பதால் வெளித்துரு உள்ளே வராதென்று நினைப்போம். ஆனால் உள்ளே புகுந்த ஈரமும் வெளியே போகாது. துருவேறிய டிரம் கழற்ற வராமல் மல்லுக்கட்டும். பல டிரம்களின் முகத்தில் மரையுள்ள இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் தடிமன் (M8) போல்ட் போகும். இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம்மைத் தானே வெளியே தள்ளும். சில வண்டிகளில் டிரம்மோடு பேரிங்கும் சேர்ந்தே இருக்கும், நடுவில் ஒரு பெரிய நட் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியைப் புதியவர்கள் தொட வேண்டாம்.

திறந்தால் பார்க்க வேண்டியவை: ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரைச் சுற்றிக் கசிவு, ஷூ உட்காரும் தகட்டில் துருத் திட்டுகள், ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் மரை, ஹேண்ட் பிரேக் லீவர் ஆடுகிறதா என்பது. திட்டுகளைத் தேய்த்து, ஷூ தகட்டில் படும் இடங்களில் மட்டும் ஒரு பொட்டு பிரேக் கிரீஸ். ஸ்பிரிங்குகளைக் கழற்றி மாட்டுவது பழகியவர் கையில் இருக்கட்டும்; தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

நீங்கள் தொடக் கூடாதவை

வண்டிக்கடியில் ஓடும் ஸ்டீல் பிரேக் பைப்பில் துரு தெரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே பொருக்கு, உள்ளே எவ்வளவு மீதியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அந்தப் பைப்பை மாற்ற வேண்டும், ஒட்டுப்போடக் கூடாது. ஏர் எடுக்கும் நிப்பிள் துருவேறியிருந்தால் பலம் போட்டுத் திருப்பாதீர்கள். முறிந்தால் காலிபரோடு செலவு.

பிரேக் ஆயிலும் துருவில் சேர்த்திதான். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் பிஸ்டனையும் பைப்பையும் உள்ளிருந்தே அரிக்கும். கொதிநிலையும் இறங்கும். டாட் 4 (DOT 4) வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205, 140. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். என்ன வகை என்று டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். திறந்து பாதி மீந்த பாட்டிலை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது தாங்காது.

சென்னை புதுப்பேட்டைக் கடைகளில் பழைய பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கதவுக்கும் கண்ணாடிக்கும் போய் வாங்குங்கள், நானும் வாங்கியிருக்கிறேன். பிரேக் பாகம் மட்டும் புதிது, பில்லோடு.

வெள்ளத்தில் நின்ற வண்டி

கணேசபுரம் சுரங்கப்பாதையோ மாணிக்கம் நகர் சுரங்கப்பாதையோ, தண்ணீர் நிற்கும்போது காரை இறக்காதீர்கள். ஆழமில்லாத தண்ணீரைக் கடந்து வந்திருந்தால், வெளியே வந்ததும் பின்னால் யாரும் இல்லாதபோது மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலை லேசாக மிதித்துப் பிடித்து, சூட்டில் ஈரத்தை ஓட்டுங்கள்.

சக்கரத்தின் பாதிக்கு மேல் மணிக்கணக்கில் தண்ணீர் நின்றிருந்தால் நாலு பிரேக்கையும் பிரித்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டும், ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் வந்ததே, அதில் நின்ற வண்டிகளுக்குத் துரு எடுப்பது மட்டும் போதவில்லை. எண்ணெயைக் குடித்த பேட்டையும் ஷூவையும் எதைக் கொண்டும் கழுவிக் காப்பாற்ற முடியாது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டும். ரப்பர் உறைகளும் அப்படித்தான்.

வராமல் பார்த்துக்கொள்வது

வாரத்துக்கு ஒருமுறையாவது பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். வாசலிலேயே எஞ்சினை மட்டும் ஓடவிடுவது பிரேக்குக்கு ஒன்றும் செய்யாது. நான் ஞாயிறு காலையில் மணலி வழியாக மாதவரம் போய்த் திரும்புகிறேன். வழியில் ஏழெட்டு முறை கொஞ்சம் அழுத்தமாகவே பிரேக் போட்டு டிஸ்கைத் துலக்கிவிடுவேன்.

கழுவுவதற்கு மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ நல்லது. போர் தண்ணீரில்தான் கழுவ வேண்டுமென்றால் கடைசியாக இரண்டு குடம் நல்ல தண்ணீரை நாலு சக்கரத்துக்கும் பகிர்ந்து ஊற்றுங்கள். கழுவியதும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு சுற்று ஓட்டி, பிரேக் பிடித்து, காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். வாட்டர் சர்வீஸில் விட்டால் ஓட்டி வரும் வழியிலேயே இது முடிந்துவிடும்.

நாலைந்து நாளுக்கு மேல் நிற்கப்போகிற வண்டியென்றால் சமதளத்தில், முதல் கியரில் அல்லது ரிவர்ஸில் போட்டு, முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில் போட்டுக் கட்டை. சரிவான தெருவில் இது வேண்டாம். தரைவரை தொங்கும் பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். காற்றுப் போகும் துணிக்கவர் வாங்குங்கள், சக்கரப் பக்கம் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். ஆகவே பின்னுக்குக் கிரீஸ் போடுவதும் பிராக்கெட் சுத்தமும் செப்டம்பரில். மழை முடிந்து பொங்கலுக்குள் இன்னொரு முறை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் போதும். கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே, பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு வருடம் ஒருமுறை சரியாக இருக்கும்.

மெக்கானிக்கிடம் விடும்போது ‘பிரேக் சர்வீஸ் பண்ணுங்கண்ணே’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். “அண்ணே, ஸ்லைட் பின்னைக் கழட்டித் துடைச்சு சிலிகான் கிரீஸ் போடணும், பேட் கிளிப்புக்கு அடியில துரு எடுக்கணும், பின்னாடி டிரம்மைத் திறந்து காட்டணும்” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். செய்து முடித்த தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்த செப்டம்பரில் பானெட்டைத் திறந்ததும் அதுதான் முதலில் கண்ணில் பட வேண்டும்.